கெண்டைக்காலில் கட்டிய சூனியம்

வீராம்பட்டினத்துத் தணிகாசலம் எதையும் ஒரு தரம் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டான். மீன் வியாபாரி சிரித்தால், ஏன் சிரித்தான் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பான். அவன் நம்பிய ஒரே ஆள், கட்டுமரத்தில் அவனோடு துடுப்புப் போடும் பலராமன்தான்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறுவருஷ ஆடியில் அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

தணிகாசலத்தின் மனைவி அங்கம்மாளுக்கு அது தலைப்பிரசவம். சுகமாக நடக்கவேண்டும் என்று, தேர் முடியும்வரை உப்பில்லாக் கஞ்சி குடிப்பதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தான் தணிகாசலம். விரதம் தொடங்கிய சில நாளில், நடுக்கடலில் அவன் கெண்டைக்கால் கல்லாய் இறுகிக்கொண்டது.

"கடல்ல ஒண்ணும் சிக்கல, கால்லதான் கெண்டை சிக்குச்சா?" பலராமன் சிரித்தபடி அவன் பெருவிரலைப் பிடித்து மேலே வளைத்தான்.

வலி போயிற்று. அந்தச் சிரிப்பு மனசில் தங்கிவிட்டது. அதே வெயில், அதே துடுப்பு. பலராமனுக்கு மட்டும் ஏன் வரவில்லை? கஞ்சிப் பானை இருப்பது அவன் பக்கம். அவன் மச்சானோ மரத்தில் இடமில்லாமல் கரையில் திரிகிறான். கஞ்சியில் சூனிய மருந்து எதையாவது போட்டுத் தன்னை இறக்கிவிட்டு மச்சானை ஏற்றப் பார்க்கிறானோ?

அடுத்த முறை தொடை இழுத்துத் தண்ணீரில் விழப்போனான். பலராமன்தான் அரைக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் போட்டான். எழுந்ததும் தணிகாசலம் பானையை நீட்டினான்.

"குடி."

"எனக்கு எதுக்குடா?"

"குடிச்சிக் காட்டு. இல்லன்னா இனிமே உங்கூட மரம் ஏற மாட்டேன்."

பலராமனுக்குப் புரிந்தது. முகம் செத்துப்போயிற்று. ஒரு மடக்கு குடித்தவன் துப்பினான்.

"த்தூ! உப்பு எங்கடா?"

"அம்மனுக்கு விரதம்."

"அட கிறுக்கா! ஒடம்பு உப்பெல்லாம் வேர்வையா கொட்டுது. எங்க சித்தப்பா சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவா இருந்தாரில்ல, வெயில்ல நடந்து இப்டி காலு இழுத்துக் கொரக்களி புடிச்சா உப்புத் தண்ணிதான் குடுப்பாங்களாம்."

விரதத்தைக் கெடுக்கப் பார்க்கிறானோ? வீட்டுக்கு வந்து அங்கம்மாளிடம் அதைத்தான் சொன்னான்.

"நீ கடல்ல உழுந்தா எம்புள்ளைக்கு அப்பன் யாரு? மிச்ச விரதத்த நான் இருக்கறேன். ஊட்டுல குந்தியிருக்கறவளுக்கு என்னா வேர்வ? அம்மனும் பொம்பளதான, புரியும்," என்றாள் அவள்.

மறுநாள் கடலில் தணிகாசலம் மறுபடி பானையை நீட்டினான். "மொதல்ல நீ குடி."

பலராமன் முறைத்தான். "இன்னுமா சந்தேகம்?"

"உப்பு போதுமான்னு பாருடா."

பலராமன் குடித்தான். தணிகாசலத்தின் கண் அவன் தொண்டையை விட்டு நகரவில்லை, தனக்கு மிச்சம் வைப்பானோ மாட்டானோ என்று.