பழவேற்காட்டுக் கரையில் லென்ஸ் கழற்றிய கதை

பழவேற்காட்டுக்கு இது எனக்கு ஒன்பதாவது பயணம். தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. மற்ற எட்டுக்கும் சேகர் கூட இருந்தான். தை மாதம் மாரடைப்பில் போய்விட்டான். ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருநெல்வேலிக்குக் கிளம்புமுன், அவன் மனைவி செல்வி அவனுடைய கேமராவை என்னிடம் கொடுத்தார். "ஒரு தடவ கடலுக்குக் கொண்டு போய்ட்டு வாங்கண்ணே. பொறவு பிள்ளைக்குத்தான். காலேஜ்ல போட்டோ எடுக்கணுமாம்."

பங்குனி முதல் ஞாயிறு, காலை 4.40க்குக் கிளம்பினேன். அம்பத்தூர் பக்கம், நான் இருக்கும் மேனாம்பேட்டிலிருந்து செங்குன்றம், பொன்னேரி வழியாக 52 கிலோமீட்டர். பெட்ரோல் இருநூறு ரூபாய்க்குப் போட்டால் போய்வரத் தாராளம். பின் சீட்டில் கனமில்லாமல் வண்டி ஒவ்வொரு குழியிலும் துள்ளியது. பொன்னேரியில் டீ பதினைந்து ரூபாய், சுமார்தான்.

கடலோரத்தில் கேமராவைக் கெடுப்பது உப்புக் காற்று. அலைக்குத் தள்ளி நிற்பவர்களும் இதில் ஏமாந்துவிடுவார்கள். ஃபேன்சி ஸ்டோரில் இருபது ரூபாய்க்கு ஷவர் கேப் கிடைக்கும். கேமராவின் மேல் மாட்டி, லென்ஸ் பக்கம் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளை மூடி இறுகிய டிபன் டப்பாவில் சேர்த்து வைத்தால் கழற்றிய லென்ஸுக்கு அதுவே வீடு.

லென்ஸ் மாற்ற எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் காற்றுக்குக் குறுக்கே நின்று துண்டை விரித்துப் பிடிப்பான். மற்றவன் அந்த மறைவில் குனிந்து மாற்றுவான். "மச்சான், மறை" என்றால் போதும். சேகர் நல்ல பருமன். அதற்காகத்தான் உன்னைக் கூட்டி வருகிறேன் என்று கிண்டல் செய்வேன்.

6.05க்குக் கரையில் இருந்தேன். சூரியன் எழும்போது தூரத்தில் இரண்டு படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். "மச்சான், மறை" என்று சொல்லிக்கொண்டே, மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டேன்.

முகத்தில் காற்று நேராக அடித்தபிறகுதான் உறைத்தது. கேமரா வாய் திறந்து கிடக்க, மணல் உள்ளே பறந்து விழுந்துகொண்டிருந்தது. அழுதுவிட்டேன்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து வந்தார். "இன்னா அண்ணாத்தே, யார கூப்டுகினு கீற?"

"கொஞ்சம் காத்த மறைச்சு நிக்கிறீங்களா?"

"இதுக்கா அழுவுற? தோ, நிக்கிறேன். மெதுவா மாட்டு." தோள் துண்டை விரித்துப் பிடித்தார். சேகரைவிட ஒல்லி. இரண்டு பக்கமும் காற்று வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மணல் உள்ளே இருக்கும்போதே இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்; ஷட்டர் அசைந்தால் மணல் உள்ளே தேய்க்கும். அம்பத்தூரில், படம் பதியும் சென்சாரைச் சுத்தம் செய்தவர் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, கீறல் விழுந்துவிட்டது, இனி எடுக்கிற படத்திலெல்லாம் ஒரு புள்ளி தெரியும் என்றார்.

கேமராவைத் திருநெல்வேலிக்கே கொண்டுபோய்க் கொடுத்து, செல்வியிடம் மறைக்காமல் சொன்னேன். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவுக இருந்தா உங்கள ஏசியே தீத்திருப்பாக," என்றார். ஏச்சு வாங்கத்தான் வந்தேன் என்றேன். அவர் ஏசவில்லை. காபி போட எழுந்து போனார்.

தனியாகப் போகிறவர்கள் வேண்டிய லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். கரையில் கழற்றியே ஆகவேண்டும் என்றால், முதலில் திரும்பிப் பாருங்கள், ஆள் நிற்கிறாரா என்று.