பகல் ஆட்டத்தில் செத்துப்போன மாமா

எங்கள் மாமா செத்துப்போனதை ஊர் முதன்முதலில் சினிமாக் கொட்டகையில்தான் பார்த்தது. அதுவரை அவர் காணாமல் போனவர், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை படம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள்.

அத்தை அப்போதுதான் குளித்துவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, அடுப்பில் உலை ஏற்றியிருந்தாள். வாசலிலேயே ராகம் எடுத்து ஒப்பாரியை ஆரம்பித்துவிட்ட எதிர்வீட்டுக்காரம்மா அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அத்தை சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். "நேத்து ஆட்டத்துல பாத்தோம்மா. தண்ணித் தொட்டில போட்டு அழுத்திட்டானுங்கோ, பாவிங்கோ" என்றாள் ஒருத்தி. எல்லாரும் தலையை முடிந்துகொண்டு போய்விட்டார்கள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் சாவு இல்லாததால் திரும்பிப் போனதை அதற்கப்புறம் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அத்தை என் நைனாவின் தங்கை. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவும் மாமாவும் கும்மிடிப்பூண்டியில் ஒரே அரிசி ஆலையில் வேலை பார்த்தவர்கள். மாமா அங்கே சங்கம் வைத்தார். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. கூடூர் பக்கம் போகிற ரயிலில் அவரை ஏற்றிவிட்டதாகவும், போலீசுக்குப் பயந்து ஆந்திராவில் தலைமறைவாக இருப்பதாகவும் நைனா சொன்னார். சொன்னது கூடப் பிறந்த அண்ணன், அதனால் அத்தை நம்பினாள். எங்கள் வீட்டோடு வந்து இருந்துவிட்டாள். மாமாவுக்கு நெல்லூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றுகூட ஊரில் சிலர் பேசினார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துவதென்றாலும் உயிரோடு இருந்தால்தானே முடியும்.

பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்தன. நைனா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தார். அப்போதுதான் மெட்ராசிலிருந்து ஜிப்பா போட்ட ஒருவர், கதை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, பூட்டிக் கிடந்த ஆலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சில நாள் நைனாவோடு சாராயக் கடைப் பக்கம் போய்வந்தார். எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் படம் வந்துவிட்டது. இது உண்மைச் சம்பவம், பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சினிமாவைப் பற்றி இருந்த அபிப்பிராயமெல்லாம் அதுவரை பாட்டு, சண்டை இரண்டோடு முடிந்துவிடும். இந்தப் படத்துக்கு எல்லாரும் சாட்சிக்காரர்களாகிவிட்டார்கள். ஆலையை ரொம்பப் பெரிதாகக் காட்டிவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். முதலாளிக்கு மீசையும் சுருட்டும் கொடுத்தது தப்பு, நிஜ முதலாளி எறும்புக்குச் சர்க்கரை தூவுகிற ஒல்லி மனிதர், அவரைப் பார்த்தால்தான் நிஜமாகவே பயம் வரும் என்றார் ஆலையில் முன்பு மூட்டை தூக்கிய ஒருவர். படம் கறுப்பு வெள்ளை. ஆகவே கதாநாயகன் தூக்கிப் பிடிக்கும் கொடி என்ன நிறம் என்பதில் இரண்டு கட்சிக்காரர்களுக்குள் கைகலப்பு வரை போனது. அதில் ஒரு கட்சி, கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த நடிகரின் போஸ்டருக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றிவிட்டது. மாமா ஆயுளில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. அந்த நடிகரோ மெட்ராசில் சௌக்கியமாக இருந்தார். மாலைக்குள்ளிருந்து அவர் சிரிப்பதைப் பார்க்கப் பயந்து, பள்ளிக்கூடம் போகும்போது நான் எதிர்ப்பக்கமாக நடப்பேன்.

அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. படம் பார்த்தவர்களுக்கு ஞாபகமே மாற ஆரம்பித்தது. மாமா காணாமல் போன அன்று சுள்ளென்று வெயில், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். படத்தில் அந்த இடத்தில் மழை கொட்டுகிறது. "அன்னிக்கு இன்னா மழ, ஞாபகம் கீதுல்ல?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் படம் பார்த்துவிட்டு வந்து, "லேசா தூறிக்கினு இருந்துச்சோ இன்னாவோ" என்றாள். மாமா குள்ளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வாரத்தில் எல்லார் பேச்சிலும் வளர்ந்துவிட்டார். எனக்கோ அவர் முகமே தெரியாது. கண்ணை மூடினால் நடிகரின் முகம்தான் மாமாவாக வந்து நின்றது. ஆலைக்குள் இருக்கும் நெல் ஊறவைக்கிற தொட்டியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்பதாகத் தெருப் பையன்கள் சொன்னார்கள். அந்தத் தொட்டி காய்ந்து வெடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

எல்லா அபிப்பிராயமும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. ஆலைக்குப் பின்னால் அடியாட்கள் கதாநாயகனை மடக்கும்போது அவன் கூட ஒரு தோழன் இருக்கிறான். அவன் கதாநாயகனை விட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்து ஓடிவிடுகிறான். அந்த வேஷத்தைச் சிரிப்பு நடிகர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஓடும்போது அவன் வேட்டி சுவரில் மாட்டிக்கொள்ளும், கொட்டகையே சிரிக்கும். சிரித்து முடித்துவிட்டு வெளியே வந்தவர்கள், "உண்மைக் கதைன்னா, ஓடிப்போன அந்த ஆளு யாருப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "மச்சாங்காரன்தானே எப்பவும் கூடவே சுத்திக்கினு இருப்பான்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். நைனா மட்டும் படத்துக்குப் போகவில்லை. ஷிப்டு ஒத்துவரவில்லை என்றார்.

இதற்குள் சேதி எட்டி, ஊத்துக்கோட்டையிலிருந்து மாமாவின் அண்ணன் பஸ் ஏறி வந்தார். அவரும் முதலில் படத்தைத்தான் போய்ப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் சிவந்த கண்ணோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஊரே பாத்துச்சும்மா. இன்னும் இன்னாத்துக்குப் பொட்டு? தாலிய எறக்கி, காரியத்தப் பண்ணிட்லாம். என் தம்பி ஆத்மா அலையுது."

"நான் பாக்கலியே" என்றாள் அத்தை.

"அப்ப இன்னிக்கே போய்ப் பாரு. பாத்துட்டு நீ சொல்லு. நீ ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

நைனா உள்ளே நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விரல் ஒரு பொத்தானிலேயே நின்றுவிட்டது. பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேலைக்குப் போனார். ஆமாம் என்று அத்தை சொன்னால் அவள் தாலி இறங்கும். மாமாவை ரயிலேற்றிய கதை பொய்யாகும். சுவரேறிக் குதித்தவன் யார் என்று கேட்டு ஊர் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். கட்டியவன் இருக்கிறானா இல்லையா என்று ஒரு பெண் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அன்றைக்குப் பகல் ஆட்டத்துக்கு அத்தை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கொட்டகைக்குத் தகரக் கூரை. ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கித் திரையில் விழுந்தது. பெண்கள் பகுதியில் மணலில் உட்கார்ந்தோம். கூட்டம் நிறைய இருந்தும் எங்களை ஒட்டி யாரும் உட்காரவில்லை; சுற்றிலும் இடம் விட்டிருந்தார்கள். கதாநாயகன் முதல்முதலாக வந்தபோது முன்னால் இருந்த பெண்களெல்லாம் திரையை விட்டுவிட்டுத் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அப்புறம் அவன் சிரித்தாலும் பாடினாலும் அப்படியே திரும்பினார்கள். இருட்டில் அத்தனை முகங்களும் எங்கள் பக்கம் இருந்தன. அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காலியாக இருந்த மணலில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டது போல எனக்கு முதுகு சில்லிட்டது. அவளோடு ஒட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஆலைக்குப் பின்புறம் வந்தது. மழை கொட்டியது. தடிகளோடு ஆட்கள் வருவதைப் பார்த்ததும் கதாநாயகன் தோழனைப் பிடித்துத் தள்ளினான்.

"நீ ஓடு. வீட்டிலே அவகிட்டே சொல்லு, நான் கோபமா வரலேன்னு."

அத்தை "ம்" என்றாள்.

கொல்லைப்புறத்திலிருந்து யாராவது எதையாவது கேட்டால் அடுப்படியிலிருந்தபடி பதில் கொடுப்போமே, அந்த மாதிரியான "ம்". நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. திரையில் தோழன் சுவரேறினான், வேட்டி மாட்டிக்கொண்டது, கொட்டகை சிரித்தது, நானும் சிரித்தேன். அதன்பிறகு கதாநாயகன் உழைப்பவர்களைப் பற்றி நீளமாகப் பேசினான். அவன் பேசி முடிக்கும் வரை அடியாட்கள் மரியாதையாகக் காத்திருந்து, அப்புறம் தொட்டியில் அழுத்தினார்கள். தண்ணீர்மேல் குமிழி வந்தது. குமிழி நின்றது. அத்தை புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் மாமாவின் அண்ணன், டீக்கடைக்காரர், இரண்டு கட்சிக்காரர்கள் என்று ஊரில் பாதி காத்திருந்தது. வெளியே நல்ல வெயில். அத்தைக்குக் கண் கூசியது.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் மாமாவின் அண்ணன்.

"பாட்டு நல்லா கீது. ஆனா அது உங்க தம்பி இல்ல. அவரு இவ்ளோ பேசுவாரா?"

"அப்ப கூட இருந்துட்டு ஓடுறானே, அவன் யாரு?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"சினிமாக்காரன் சிரிப்புக்குப் போட்டுக்கினான். அவரு ரயிலேறித்தான் போனாரு. எங்க அண்ணன் ஏத்திவுட்டுச்சு. நீங்க பாத்தீங்களா, எங்க அண்ணன் பாத்துச்சா?"

இவ்வளவு நல்ல கதை கையைவிட்டுப் போகிறதே என்கிற வருத்தம் எல்லார் முகத்திலும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கட்சிக்காரர்கள் மறுபடி கொடியின் நிறத்துக்குத் திரும்பினார்கள். மாமாவின் அண்ணன் சாயங்கால பஸ்ஸில் ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் போட்டார்கள். ஆனால் அத்தை மாமாவை நம்பிப் பொட்டு வைத்தது அன்று காலையோடு சரி. அதற்கப்புறம் வைத்ததெல்லாம் அவள் அண்ணனுக்காக. இது எனக்குப் புரியக் கல்யாணமாகிப் பிள்ளை பெற வேண்டியிருந்தது. அன்றைக்கு, மாமா சாகவில்லை என்று அத்தையே சொல்லிவிட்டாள் என்கிற சந்தோஷத்தில் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் நைனா வேலை முடிந்து வந்தார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அத்தைதான் தட்டு வைத்துச் சோறு போட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அண்ணே, அவரு கோவமா போவலியாம்."

நைனாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"அன்னிக்கு சண்ட போட்டு, சோறு போடாமதான் அனுப்பிச்சேன். அது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். வேற ஒரு ஆளுக்கும் தெரியாது. இத்தினி வருஷமா அதே நெனப்பு." கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள். "நீ சாப்புடு அண்ணே. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

நைனா தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்ட படத்தைத் தான் மட்டும் பார்க்கவில்லையே என்று அவருக்கு வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"நீயும் போய்ப் பாரு நைனா. ஒருத்தன் செவுரு ஏறி ஓடுவான் பாரு, வேட்டி மாட்டிக்கும், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்" என்றேன்.

அதோடு விடவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆட்டுக்கல்லைச் சுவராக வைத்து, அதன்மேல் ஏறித் திருதிருவென்று முழித்து, துணி மாட்டிக்கொண்டதை இழுத்துக்கொண்டு குதித்து ஓடுவதை அவர் எதிரில் நடித்துக் காட்டினேன். அத்தை என்னைத் தடுக்கவில்லை. நைனா ஈரக் கண்ணோடு கடைசிவரை பார்த்தார். அவர் சிரிக்காததால், நான் சரியாக நடிக்கவில்லையோ என்று இன்னொரு தடவை ஏறிக் குதித்தேன்.