தாலித் தட்டைப் பிடித்த கைகள்

கடந்த ஆவணியில் என் மகளின் கல்யாணம் திருவொற்றியூரில், கடலோரமாக இருக்கும் ஒரு மடத்தில் நடந்தது. பக்தியால் அந்த இடத்தைப் பிடித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மண்டபத்துக்கு வாடகை கிடையாது, வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம், அவ்வளவுதான். அங்கே சமாதியான சாமியாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்தக் காலத்திலேயே சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தாராம். அதற்காகக் கல்லடியும் பட்டாராம். படத்தில் பார்த்தால் கொஞ்சம் கோபக்காரர் போலத்தான் தெரிவார்.

என் கணவர், மகள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை பார்த்துத்தான் அவளை ஆளாக்கினேன். கல்யாணத்தில் நான் முன்னால் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே நானே முந்திக்கொண்டேன். தாலி எடுத்துக் கொடுக்க என் அண்ணனையும் அண்ணியையும் ஏற்பாடு செய்துவிட்டு, முகூர்த்த நேரத்தில் சமையற்கட்டில் நின்று சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாருக்கு என் உதவி ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த மடத்தில் புரோகிதர் கிடையாது. சாமியார் வழியில் வந்த அன்பர் ஒருவரே கல்யாணத்தை நடத்தி வைப்பார். எங்களுக்கு வந்தவர் மற்ற நாட்களில் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். தாலித் தட்டை அண்ணனிடம் நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டு, "பொண்ணப் பெத்தவங்க எங்க கீறாங்க?" என்று கேட்டார். யாரோ அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்கள்.

"அதுக்கு இன்னா? பெத்தவங்க கை படாம இங்க தாலி ஏறாது. எங்க சாமி வச்ச பயக்கம். அவரோட அம்மாவும் புருசன் இல்லாதவங்கதான். சாமியோட அண்ணன் கல்யாணத்தப்போ அந்தம்மாவ உள்ள வுட்டுக் கதவச் சாத்திட்டாங்களாம். அன்னிக்கு வூட்ட வுட்டு வந்தவருதான் சாமி."

சமையற்கட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். ஒழுங்காக முடிய வேண்டிய கல்யாணத்தில் இந்த மனுஷன் ஏன் வம்பை இழுக்கிறார் என்று கோபம் கோபமாக வந்தது. அதற்குள் மாப்பிள்ளையின் பெரியம்மா குரல் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா காசிமேட்டில் மீன் விற்கப் போய்விடுவதால், மாப்பிள்ளையை வளர்த்தது இந்தப் பெரியம்மாதான். அவருக்கும் கணவர் இல்லை. வந்ததிலிருந்து ஒரு தூண் ஓரமாகவே நின்றிருந்தார்.

"நல்ல காரியத்துல வெளாடாதீங்க. அந்தம்மா தொட்டு, எம் புள்ளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?"

மேளம் நின்றுவிட்டது. "எழுந்துரு மாமு, கோயில்லயே கட்டிக்கலாம்" என்று மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் சிலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். என் மகள் மாலையோடு திரும்பி, சமையற்கட்டு வாசலையே பார்த்தாள். கல்யாணம் நின்றுபோய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளை சொன்னார். "பெரீம்மா, என்ன வளத்தவ நீதான? நீயும் வா. ரெண்டு பேருமா எடுத்துக் குடுங்க."

அந்த அம்மா தூணோடு ஒட்டிக்கொண்டார். "ஐயோ, நானு வேணான்டா நைனா! எம் மூஞ்சில முழிச்சிட்டுப் போவக் கூடாதுன்னு நீ பரீட்சைக்குப் போறப்பகூட எதுர்ல வந்ததில்லடா நானு."

அந்தக் குரலில் வீம்பு இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. என் மகள் இன்டர்வியூவுக்குப் போன அன்று நானும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. லாரிக்காரரிடம் தட்டை வாங்கிக்கொண்டு நேராகத் தூணிடம் போனேன். "எனக்கும் அதே பயந்தான் சம்பந்தி. ரெண்டு பேரும் சேந்தே பயந்துக்கலாம், வாங்க" என்றேன்.

அவர் கைகளைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார். பிறகு தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தட்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் நீட்டினோம். எழுந்து நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை. தாலி ஏறும்போது நாங்கள் இருவருமே கண்ணை இறுக மூடிக்கொண்டோம். திறந்து பார்த்தால் எல்லாம் நல்லபடியாகவே இருந்தது. மேளக்காரர்தான் வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் அந்த அம்மா கொருக்குப்பேட்டையிலிருந்து எனக்கு போன் செய்வார். "இன்னிக்குப் புள்ள டூட்டிக்குப் போறப்ப எதுர்லயே நின்னு அனுப்பி வச்சேன் சம்பந்தி" என்பார். ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டதைப் போலச் சொல்வார்.

அந்தச் சாமியாரைப் பற்றி எனக்கு இன்னமும் அதிகம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெடவில்லை; ஆனால் மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டு எப்போது புறப்பட்டாலும் இப்போதெல்லாம் நான் வாசல் படியில், அவளுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறேன்.