அப்பா பிளந்த விறகு

உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில்தான் எப்போதும் விறகு அதிகம். காரணம் நான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கை ஓங்கும். ஓங்கிய கை என்மேல் விழாமல் நேரே கோடாலிக்குப் போய்விடும். அந்த எழுபதுகளில் பிள்ளையை அடிக்காத தகப்பன் எங்கள் லயத்தில் வேறு யாரும் இல்லை. மழைக்காலத்தில் விறகு குறைந்தால் அம்மா என்னிடம், "ஏ புள்ள, உங்கப்பனக் கொஞ்சம் கோவப்படுத்து, அடுப்புக்கு ஆகும்" என்பாள்.

அப்பா அடி வாங்கியே வளர்ந்தவர். தாத்தா அறைந்த ஒரு அறையில் இடது காது கேட்காமல் போயிற்று. நான் பிறந்த அன்று மாதா படத்துக்கு முன்னால் நின்று, பிள்ளைமேல் கை வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டாராம். லயத்தில் அதைக் கேலி பேசாதவர் இல்லை. "செல்லம் குடுத்துக் கெடுக்கான்" என்பார்கள். நான் கெட்டேனோ இல்லையோ, வாய் மட்டும் நன்றாக நீண்டது.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே போகும். சூடு மிஞ்சினால் காய் வெடித்துப் பழுப்பேறிவிடும். பச்சை போனால் காய்க்கும் மதிப்பில்லை, தீ பார்த்தவனுக்கும் மதிப்பில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மழைநாள் மதியம், "சாப்பிட்டு வந்திருதேன், தீய மட்டும் பாத்துக்க. வெறகு போட்டுறாத" என்று சொல்லிவிட்டு அப்பா போனார். எனக்கோ குளிர் தாங்கவில்லை. ஒரு கட்டை போட்டேன், சுகமாக இருந்தது. இன்னும் நாலு போட்டுவிட்டு அடுப்போரமாகவே தூங்கிப்போனேன்.

அப்பா வந்து கதவைத் திறந்தபோது உள்ளே இருந்த காய் அத்தனையும் பழுப்பேறி வாய் பிளந்து கிடந்தது. பின்னாலேயே முதலாளி வந்துவிட்டார். "இந்த இடத்துலயே இவள நாலு சாத்து சாத்து. அப்பத்தான் உனக்கு ஸ்டோர்ல வேலை" என்றார்.

அப்பா கை ஓங்கினார். கண் கோடாலியைத் தேடியது. ஆனால் ஸ்டோர் விறகு முழுவதையும் காலையிலேயே பிளந்து அடுக்கியிருந்தார்; பிளக்க ஒரு கட்டைகூட மிச்சமில்லை. ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"ஓடு தாயி" என்றார். "இன்னைக்கு இந்தக் கை எம் பேச்சக் கேக்காது போலருக்கு. ஓடு."

ஓடினேன். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி முதலாளிமுன் நின்றிருந்தார். அடிக்காமல் இருப்பது அவருக்குச் சுலபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் தன் தகப்பனோடு மல்லுக்கட்டித்தான் ஜெயித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. எப்பேர்ப்பட்ட மனிதர்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஸ்டோர் வேலை போயிற்று, நாளையிலிருந்து களை வெட்டப் போகவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா ஒன்ன அடிக்கலைல்ல?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

கேட்கும் காதுதான் என் பக்கம் இருந்தது. இருந்தும், "கேக்கல தாயி, இன்னொருக்கா சொல்லு" என்றார்.