பன்னிரண்டாவது பெட்டி

எங்கள் வீட்டில் பன்னிரண்டு சிலந்திகள் இருந்தன. மூலையில் ஒட்டடை கட்டுகிற ரகம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் முடியோடு இருக்கிற டாரன்டுலா. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிளாஸ்டிக் பெட்டி, தேங்காய் நார்த் தூள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத் துண்டு. பெட்டிகள் படுக்கையறை அலமாரியில் இருந்தன. அவற்றின் மேல் ஒரு பழைய போர்வை போட்டிருந்தேன்.

போர்வை, கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்காவுக்காக. மத்திகிரியில் அந்த மாடி போர்ஷனுக்குக் குடிவந்த அன்றே, "நாய் பூனை ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன். சொன்னதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரைக்காக வாங்கி வைத்த சுவர்க்கோழிகள் கத்தினால், "இந்தப் பக்கம் பூச்சி ஜாஸ்தி போல" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

உண்மையில் நான் படு பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்தவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு ஒரு சிலந்திக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்துவிட்டால் மனசு அடங்கிவிடும். அது அசையாது, நானும் அசைய மாட்டேன். லென்ஸில் அதன் எட்டுக் கண்களும் கடுகு கடுகாகத் தெரியும்போது உலகத்தில் கவலைப்பட எதுவுமே இல்லை என்று தோன்றும். என் வீட்டுக்காரர் சிரிப்பார்: "பல்லிக்கு அலறுவ, இத மட்டும் கொஞ்சுவ."

கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வருகிற பாகத்தைச் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஒரு முறை வைத்திருந்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் முன் மூடி வழியாகவே ஒவ்வொரு பெட்டியையும் போனில் ஒரு படம் எடுப்பேன். பன்னிரண்டு படம், பன்னிரண்டு சிலந்தி, ஓகே.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாரப் படங்களை லேப்டாப்பில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது பெட்டியில் இருந்தவள்தான் என்னிடம் முதலில் வந்தவள். பெங்களூரில் வளர்க்கிறவர் ஒருவரிடம் விரல் நகம் அளவில் வாங்கி, ஐந்து வருஷமாக வளர்த்தேன். முழங்கால்களில் ஆரஞ்சு வளையம் இருக்கும். புதன், வியாழன், வெள்ளி, சனி, நான்கு படத்திலும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றாள். எட்டுக் கால்களும் நான்கு நாளும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி இருந்தன.

படத்தைப் பெரிதாக்கினேன். முதுகு ஓடு மூடி திறந்த மாதிரி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. 

டாரன்டுலா வளரும்போது தோலை உரிக்கும். கால், முடி, பல் எல்லாம் அப்படியே இருக்கும் முழுத் தோல். பக்கத்தில் வைத்தால் எது தோல், எது உயிர் என்று ஒரு நொடி தெரியாது. நான் நான்கு நாளாகத் தோலுக்கு ஓகே போட்டிருக்கிறேன். பெட்டியைத் திறந்தேன். ஓட்டுத் துண்டுக்கு அடியில் யாரும் இல்லை. மூடியின் நான்கு க்ளிப்பில் ஒன்று சரியாக மாட்டாமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

கீழ்வீட்டு அக்காவுக்குப் பத்து மாதப் பெண் குழந்தை. தவழுகிற வயசு. ஹாலில் தொடங்கி மாடிப்படி அடி வரைக்கும் வரும், கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குப் போகும்.

இந்தச் சிலந்தி கடித்தால் பெரியவர்களுக்குக் குளவி கொட்டியது போலத்தான் இருக்கும் என்பார்கள். பத்து மாதக் குழந்தைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றும் இருந்தது. தோல் உரித்த புதிதில் அதன் பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். கடிக்க வராது. அப்புறம் சிவக்கும். ஒரு வாரம் பத்து நாளில் கறுத்து இறுகிவிடும், பசியும் எடுக்கும். ஏற்கெனவே நாலைந்து நாள் போயிருந்தது. எங்கேயோ ஒரு மூலையில் அந்தப் பல் கறுத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கீழ சொல்லிடலாங்க" என்றேன்.

"சொன்னா நாளைக்கே காலி பண்ணச் சொல்வாங்க. ஓசூர்ல இப்ப வீடு கெடைக்கிற லட்சணம் தெரியாதா? ரெண்டு நாள் தேடு, கெடச்சிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் மேல் பழி போட்டுப் பயனில்லை. அப்படி யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன்.

தேடினோம். சிலிண்டருக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு அடியில், ஷூவுக்குள், தலையணை உறைக்குள். வாசல்படி ஓரமாக முகப் பவுடரைத் தூவி வைத்தேன், போனால் கால் தடம் தெரியுமே என்று. காலையில் என் வீட்டுக்காரரின் குதிகால்தான் தெரிந்தது.

கீழே வேறொரு மாற்றம். ஞாயிறு முழுக்கக் குழந்தை அக்காவின் இடுப்பிலேயே இருந்தது. திங்களும் அப்படித்தான். "பாப்பாக்கு உடம்பு சரியில்லயாக்கா?" என்று படியில் நின்று கேட்டேன். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். எப்போதும் நின்று பேசுகிறவர்.  கடித்துவிட்டதோ? ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன கடித்தது என்று தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ? வேலையில் அன்று இரண்டு பழுதான பாகங்களை நான் விட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்தார்.

செவ்வாய் சாயங்காலம் கீழே குழந்தை விடாமல் அழுதது. "வத்து நான்னா, வத்து" என்று, வேண்டாம் கண்ணு என அக்கா தெலுங்கில் தடுப்பதும் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்கக்கூட இல்லை. போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

குழந்தை இடுப்பிலிருந்து தரைக்குத் தாவித் தாவி அழுதுகொண்டிருந்தது. கையில் ஒரு சிவப்புத் தடிப்பு. "அக்கா, பாப்பா கையில என்ன?"

"கொசும்மா. ஏன், என்னாச்சு? வேர்த்து ஊத்துது உனக்கு?"

சொன்னேன். சிலந்தி, பெட்டி, க்ளிப், பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். போனில் அவள் படத்தைக் காட்டினேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம், ஜன்னல் வெளிச்சத்தில் ஆரஞ்சு முழங்கால்களோடு இருப்பது. பார்த்துக்கொள்ளுங்கள், இப்படித்தான் இருக்கும் என்றேன்.

அக்கா படத்தையே பார்த்தார். "இதுவா? இத வெள்ளிக்கெழமயே அடிச்சுப் போட்டனே."

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கழுவும்போது கடைசிப் படியில் இருந்ததாம். "தொடப்பத்தால ஒரே அடி. பஞ்சு மாதிரி இருந்துச்சு. ஓடக்கூட இல்ல. பக்கத்து காலி மனையிலருந்து வந்துச்சுன்னு நெனச்சேன். இன்னும் இருக்குமோன்னுதான் அன்னிலருந்து இவள கீழயே விடல. உங்கிட்ட சொல்லல. முன்ன இருந்தவங்க தேளப் பாத்துட்டுத்தான் காலி பண்ணாங்க. நீயும் பயந்து போயிட்டா?"

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் பஞ்சு என்ற வார்த்தை உறைத்தது. அப்போது அவள் பல் சிவக்கக்கூடத் தொடங்கியிருக்காது. அவளால் யாரையும் கடித்திருக்க முடியாது. அழுகை வந்தது. அக்கா முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

"இது ஒண்ணுதான?" என்று கேட்டார்.

"மேல இன்னும் பதினொண்ணு இருக்குக்கா."

அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "வீட்டப் பத்தி எங்க வீட்டுக்காரர் வந்ததும் பேசிக்கலாம்" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அஞ்சு நாளாத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சும்மா. நீயே சொல்லு. இப்ப இவள கீழ விடலாமா?"

விடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான்கு நாள் காலையிலும் ஓகே போட்ட அதே வேகத்தில் வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா."

மேலே ஓடினேன். போர்வையை உருவித் தரையில் போட்டேன். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் பின்னங்காலைத் தொட்டேன். அது தானாக அசைவதைப் பார்த்த பிறகே மூடினேன். நான்கு க்ளிப்பும் டக்கென்று விழும் சத்தத்தைக் காதால் கேட்டேன். பதினொன்று.

கீழே வந்து, "விடுங்கக்கா" என்றேன்.

அக்கா குழந்தையைத் தரையில் இறக்கினார். அது ஒரே சிரிப்பாக மாடிப்படியை நோக்கித் தவழ்ந்தது. அடுத்து அது கை ஊன்றப் போகும் இடத்தை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.