வலது வாரையின் முன்முனை

எட்டு ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரிக்கு வந்தபோது, என் கடவுச்சீட்டின்படி நான் வெளிநாட்டுக்காரி. எழுபதுகளின் நடுவில், பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த கணவரோடு பிரான்சுக்குப் போனவள், எண்பதுகளில்தான் வர முடிந்தது. ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. தோழிகளுக்காகவும் ரெட்டியார்பாளையத்து மாதா கோவிலுக்காகவும் வந்தேன். உள்ளதைச் சொன்னால், ஆகஸ்ட் திருவிழாவில் சப்பரம் தூக்குவதற்காகவே வந்தேன்.

எங்கள் கோவிலில் மாதா சப்பரத்தைப் பெண்கள்தான் தூக்குவோம். தோளில் தாங்கும் நீண்ட மரக்கழிகளுக்கு வாரை என்று பெயர். வலது வாரையின் முன்முனை கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் இடம். இடது வாரையின் முன்முனையில் என் தோழி. இருவரும் அளந்து வைத்ததுபோல் ஒரே உயரம்.

முதல் ஞாயிறே என் மானம் கப்பலேறியது. பூசை முடிந்து கோவில் வாசலில் அவளைப் பார்த்த சந்தோஷத்தில், பிரான்சுப் பழக்கத்தில் இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்துவிட்டேன். முக்காடு போட்ட பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தோழி முந்தானையால் கன்னத்தைத் துடைத்தபடி, "தொரசாணி வந்துட்டாங்க, சேர் எடுத்தாந்து போடுங்க" என்றாள்.

அன்று பிடித்தது சனி. பூக்கட்டப் போனால் நாற்காலி, சப்பரத்தைத் துடைக்கப் போனால் நாற்காலி, கையில் ஒரு பாட்டில் கலர். எல்லோரும் பாயில் உட்கார்ந்து கதை பேச, நான் மட்டும் கொலுப் பொம்மை மாதிரி உயரத்தில் இருந்தேன். இதற்கா விமானம் ஏறி வந்தேன்?

"என் எடம் என்னா ஆச்சு?" என்று தோழியிடம் நேராகவே கேட்டேன்.

"அதான் வேற ஆளு தூக்குதே. ஷூ போட்டுப் பழகின காலு, தாரு ரோட்ல வெறுங்கால்ல நடந்தா வெந்துடும். பாதி வழியில நீ விட்டுட்டா மாதா கதி என்னா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, மாதாவின் சிலையான சுரூபத்தை வைக்காமல் வெறும் சப்பரத்தைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பார்கள். சிந்தாமல் இருந்தால் மட்டம் சரி என்று அர்த்தம். என் இடத்தில் இருந்த பெண் என்னைவிட ஒரு சாண் குள்ளம். தோளில் துண்டை மடித்து வைத்தும் தம்ளர் வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தது.

"வருஷா வருஷம் இதே கததான். மாதா ஒரு பக்கமா சாஞ்சி சாராயக்கடையப் பாத்துக்கினே போறாங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நான் யாரையும் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டுப் போய் வாரையின் கீழ் தோளைக் கொடுத்தேன். அந்தப் பெண் பிழைத்தோம் என்று விலகிக்கொண்டாள். மறுபடி தண்ணீர் வைத்தார்கள். சிந்தவில்லை.

தோழி தம்ளரைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். "சரி, நாளைக்கி கடத்தெரு முக்கு வரைக்கும் தூக்கு. அங்க அவ கிட்ட குடுத்துடணும்."

மறுநாள் சாய்ங்காலமாகியும் தார் ஆறவில்லை. பத்தடியிலேயே உள்ளங்கால் எரிந்தது. சுரூபமும் பூவும் சேர்ந்த கனத்தில் தோளெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபமாலையை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். வீட்டு வாசல்களில் நின்றவர்கள், "இந்த வருஷம் நேரா வருதுபா" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. ராணி மாதிரி நடந்தேன்.

கடைத்தெரு முக்கு வந்தது. அந்தப் பெண் மடித்த துண்டோடு தயாராக நின்றாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் நான் தோளைத் தளர்த்தினேன்.

அந்தப் பக்கத்து வாரையிலிருந்து தோழியின் குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ மெழுகுத்திரி புடிச்சிக்கினு பின்னால வாம்மா. அது அவ எடம்."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையாலும் வாரையைப் பிடித்திருந்ததால், துடைக்காமலே நடந்தேன்.