ரோசம்மா அக்கா இருக்கும் இடம்

ஈப்போ ரயிலடியில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அங்கே கூலிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருக்கும் ரோசம்மா அக்காவைப் பார்க்க வேண்டும் என்று குதிரை வண்டிக்காரரிடம் கேட்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரும் கப்பலில் நாங்கள் இருவரும் பணியாட்களாக இருந்தோம். மேல்தளத்தில் மழையில் நனைந்துகொண்டே பிள்ளை பெற்ற ஒரு கூலிப் பெண்ணுக்கு, முதல் வகுப்புக் கம்பளியை எடுத்துப் போர்த்தினார் அக்கா. அதற்காக அவரைப் பினாங்கில் இறக்கிவிட்டுக் கப்பல் திரும்பியது.

"அவங்க இப்ப அங்க இல்லண்ணே. தொரை வெளிய அனுப்பிட்டாரு."

"எதுக்கு?"

"புள்ளைங்க பாலுல ஏன் தண்ணி கலக்குறீங்கன்னு நேராவே கேட்டுட்டாங்க லா."

தண்ணீர் கலந்தவனுக்கு வேலை இருக்கிறது. கேட்டவளுக்குத்தான் இல்லை. கடலிலும் கரையிலும் இந்தத் துரைகளுக்கு ஒரே நியாயம்தான்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"இங்கதான், ஈப்போவுலயே சிலிபின்ல. அவங்க போனதும் எம் பொண்டாட்டி, இனிமே அந்தக் கொட்டகையில புள்ளய விடமாட்டேன்னு பால்மரம் வெட்டுற வேலையையே விட்டுட்டா. நாங்களும் சிலிபினுக்கே வந்துட்டோம்."

கோபம் ஆறாமலே வண்டியில் ஏறுகிறேன். அவர் கடிவாளத்தைச் சுண்டுகிறார்.

"போலாம்ணே. எம் மகன் இப்ப அவங்க வீட்லதான் தூங்குறான்."